வேலூரிலிருந்து ஒரு நாள் அருவிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் நாலு மழை விழுந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சத்துவாச்சாரியில் எங்கள் தெருக்காரர்கள், காட்பாடியில் இருக்கிற நாத்தனார் வீட்டார், கூட வேலை பார்த்தவர்கள், அவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஒரே பதினைந்து இருபது கேள்விகள்தான். இருபது வருடமாகக் குடும்பத்தோடு இந்த மலைகளுக்குப் போய் வருகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதி வைத்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடுங்கள். நேரமில்லை என்றால் 10, 11 இரண்டையுமாவது படியுங்கள்.

1. வேலூர் பக்கத்துல அருவி இருக்கா? எல்லாம் மொட்டைப் பாறைதானே அக்கா?

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அதில் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். பாலாற்றிலும் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் தண்ணீர் போனதைப் பார்த்தோம். மரமுள்ள மலையும் தண்ணீர் விழும் பாறையும் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன, அவ்வளவுதான்.

தெற்கே ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. 1989 வரை இதெல்லாம் ஒரே வடார்க்காடு மாவட்டம்தான். அதனால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஜமுனாமரத்தூரும் 'நம்ம ஜில்லா'. மேற்கே ஏலகிரி. இந்த இரண்டு மலைகளிலும் ஒரே நாளில் போய்வரக்கூடிய அருவிகள் மூன்று: அமிர்தி, ஜலகம்பாறை, ஜமுனாமரத்தூர் பக்கத்து பீமன் நீர்வீழ்ச்சி. ஆந்திர எல்லைக்குள் கைகல் நான்காவது.

2. எது கிட்ட? எது நல்லாருக்கும்?

கிட்டத்தில் இருப்பது அமிர்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967இல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா ஒன்று அங்கே இருக்கிறது. அமிர்தி ஆறு காட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் அருவி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மான், மயில், முதலை என்று பார்க்கவும் ஏதாவது இருக்கும்.

ஜலகம்பாறை திருப்பத்தூர் பக்கம், ஏலகிரி மலையின் அடியில். அட்டாறு என்கிற ஆறு மலையிலிருந்து இறங்கிப் பாறையில் விழுகிற இடம். பக்கத்திலேயே முருகன் கோயில். தலையில் தண்ணீர் விழக் குளிக்க வேண்டும் என்பவர்களுக்கு அது. பீமன் அருவிக்குப் போவதென்றால் நாள் முழுவதும் ஒதுக்க வேண்டும். ஆனால் காடும் மலைச்சாலையும் சாமைக் கொல்லைகளும் சேர்ந்து, எனக்கு மூன்றிலும் பிடித்தது அதுதான்.

3. எந்த மாசம் போனா தண்ணி இருக்கும்?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான பதில் இது. நம் அருவிகள் எல்லாமே மழையை நம்பி இருக்கிற கானாறுகள். குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். மேலே பெரிய அணையோ, வருடமெல்லாம் கசியும் சோலைக்காடோ கிடையாது. பாறையின் மேல் மெல்லிய மண், அதன் மேல் இலையுதிர் காடு. மழை பெய்தால் கொட்டும், நின்றால் சில வாரங்களில் நூலாகிவிடும்.

நமக்கு இரண்டு பருவத்திலும் மழை உண்டு. ஆடி ஆவணியில் சாயங்கால இடிமழை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நிறைந்த தண்ணீர் பார்க்க அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை நல்ல காலம். அதிலும் சரியான நாள் எது என்றால், பெருமழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து. மழையன்றே போனால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கும், ஆபத்தும் அதிகம். மூன்றாம் நாள் தெளிந்து வெள்ளையாக விழும்.

பங்குனி, சித்திரை, வைகாசி வேண்டாம். என் பெரியப்பா குடும்பம் பள்ளி லீவில் சென்னையிலிருந்து வந்தபோது, ஆசையாக ஏப்ரலில் ஜலகம்பாறைக்கு அழைத்துப் போனேன். பாறையில் வெள்ளைக் கறை மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை. லீவு எப்போது என்று பார்ப்பதைவிட மழை எப்போது என்று பாருங்கள்.

4. தண்ணி கொட்டுதான்னு வீட்லருந்தே தெரிஞ்சுக்க முடியுமா?

முடியும், ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவை நம்பாதீர்கள். போன வருடத்து வெள்ளம்கூட 'இன்று காலை' என்று வரும். அந்தப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டரைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அமிர்திக்கோ ஆலங்காயத்துக்கோ தினமும் போய் வருகிறவர் அவர்.

இன்னொன்று: வேலூரில் பெய்தால் மலையிலும் பெய்தது என்று அர்த்தமில்லை. ஜமுனாமரத்தூரிலும் ஆலங்காயத்திலும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று செய்தியில் பாருங்கள். சாலையோரக் கானாறுகளில் தண்ணீர் ஓடினால் அருவியில் நிச்சயம் இருக்கும்.

5. பஸ்ல போகலாமா, கார் வேணுமா?

அமிர்திக்கு வேலூரிலிருந்து பஸ் போகிறது. திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜலகம்பாறைக்குக் காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டை, அங்கிருந்து திருப்பத்தூர், பிறகு ஆட்டோ அல்லது பஸ். மாணவர்கள் இப்படித்தான் போகிறார்கள், செலவும் குறைவு. பீமன் அருவிக்கு ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் கார்தான்.

ஜமுனாமரத்தூருக்கு இரண்டு வழி. போளூர் வழியாக ஏறலாம், அல்லது வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஏறலாம். நான் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்குவேன். எப்படிப் போனாலும் ஒரு பக்கம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப் குறுக்கு வழி என்று மண்பாதையைக் காட்டினால், மழைக்காலத்தில் இறங்காதீர்கள்.

6. ஒரே நாள்ல மூணையும் பாத்துட்டு வந்துடலாமா?

வேண்டாம். மூன்றும் மூன்று திசை. நாள் முழுக்கக் காருக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு அருவியிலும் இருபது நிமிஷம் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவீர்கள். ஒரு நாளுக்கு ஒரு அருவி. காலை 6 மணிக்குக் கிளம்பி, 10 மணிக்குள் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்து, மதியம் 3 மணிக்குத் திரும்பினால் இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்கலாம். அந்த 3 மணிக்கு ஒரு காரணம் இருக்கிறது, 11ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

7. ஜலகம்பாறை ஏலகிரி மேலதானே இருக்கு? பதினாலு வளைவு ஏறிட்டா போய்டலாமில்ல?

இல்லை. வாராவாரம் யாராவது இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். அருவி மலையின் மறுபக்கத்து அடிவாரத்தில் விழுகிறது. மேலே நிலாவூர் பக்கத்திலிருந்து காட்டுக்குள் நடந்து இறங்கும் பாதை ஒன்று உண்டு, ஆனால் அது வழிகாட்டியும் வனத்துறை அனுமதியும் வேண்டிய நடை. காரில் போகிறவர்கள் ஏலகிரி ஏறவே வேண்டாம், திருப்பத்தூர் வழியாகப் போக வேண்டும். ஏற்கெனவே ஏறிவிட்டால் பதினாலு வளைவையும் இறங்கித்தான் வர வேண்டும்.

8. ஜலகண்டேஸ்வரர், ஜலகம்பாறை: ரெண்டும் ஒரே சாமியா?

இல்லை. ஜலகண்டேஸ்வரர் நம் கோட்டைக்குள் இருக்கும் சிவன். ஜலகம்பாறையில் இருப்பது முருகன். ஆனால் அங்கே லிங்க வடிவத்தில் ஒரு கட்டடம் இருப்பதால் பலரும் குழம்பிப் போகிறார்கள்.

9. என்ன எடுத்துட்டுப் போகணும்? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். வாழையிலையில் கட்டினால் இலையை அங்கேயே மாட்டுக்குப் போடலாம். எவர்சில்வர் டப்பா என்றால் திருப்பிக் கொண்டு வந்துவிடுவீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சோதனைச் சாவடியில் பையைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பீமன் அருவியின் மடுவில் சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் மிதப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சோப்பும் ஷாம்பும் கொண்டு போகவே வேண்டாம். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே இருக்கிற ஊர்களின் ஆடுமாடு குடிப்பது.

குடிதண்ணீர் வீட்டிலிருந்தே. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மாற்றுத் துணி, பெரிய துண்டு, பிடிப்புள்ள செருப்பு. பெண்கள் உடை மாற்ற ஒரு பழைய புடவை கொண்டு போங்கள், இரண்டு பேர் பிடித்தால் அறை ஆகிவிடும். எல்லா இடத்திலும் மறைப்பு இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. குரங்குகள் இருக்கும் இடத்தில் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள்.

வாணியம்பாடி வழியாகத் திரும்புகிறவர்களுக்கு ஆம்பூர் இருக்கிறது. சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் அங்கே. குளித்த பசிக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எனக்குத் தெரியாது. மலையில் சாமையும் தேனும் விற்பார்கள், மலைவாசிகளிடமே நேராக வாங்குங்கள்.

10. குளிக்கலாமா? எனக்கு நீச்சல் தெரியும், மடுவுல குதிக்கலாமா?

வனத்துறை குளிக்க விட்ட இடத்தில், விட்ட நாளில், தாராளமாகக் குளியுங்கள். குதிக்கக் கூடாது. கிணற்று நீச்சல் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். கிணற்றின் ஆழம் மாறாது. மடுவின் ஆழம் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாறும். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருடம் மண்ணுக்கு அடியில் பாறை உருண்டு கிடக்கும்.

அப்புறம், அருவி விழுந்து வெள்ளையாக நுரைக்கும் இடத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் காற்று நிறையக் கலந்திருக்கிறது. அங்கே உடம்பு சாதாரணத் தண்ணீரில் மிதக்கிற மாதிரி மிதக்காது. கை அடித்தாலும் பிடிப்பு கிடைக்காது. மேலிருந்து விழும் தண்ணீர் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவரும் அங்கே திணறிப் போவது இதனால்தான்.

பாசிதான் மற்றொன்று. பச்சையாகத் தெரியும் பாசியைவிடக் கறுப்பாக, காய்ந்த மாதிரித் தெரியும் பாசி மோசம். என் அக்கா மகன் ஒன்பது வயதில் அப்படி ஒரு பாறையில் கால் வைத்து, தாடை கிழிந்து நாலு தையல் போட்டோம். தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. நின்று நடப்பதைவிட, உட்கார்ந்து நகர்வது நல்லது. பெரியவர்களுக்கும்தான்.

11. வெயில் அடிக்குது, வானம் நீலமா இருக்கு. அப்புறம் எப்படி வெள்ளம் வரும்?

நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதில்லை. அருவிக்கு மேலே மலை பல கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் இடிமழை பெய்தால், பாறை அதை உறிஞ்சாது. எல்லா ஓடைகளும் ஒரே பள்ளத்தில் சேர்ந்து, அருவி வழியாகத்தான் இறங்க வேண்டும். மலைமறைவில் நிற்கும் உங்களுக்கு மேகமும் தெரியாது, இடியும் கேட்காது. இந்த இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கட்டுவதால்தான் 6ஆம் பதிலில் 3 மணிக்குத் திரும்பச் சொன்னேன்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் ஒரு ஓடையில் பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கரையில் நின்று, "மேல வந்துடுங்கம்மா, தண்ணி வாசனை மாறுது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது, எல்லோரையும் மேலே இழுத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. சருகும் சுள்ளியும் வந்தன. அதற்குப் பின்னால் வந்தது காபி நிறத்தில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் டிபன் டப்பா வைத்திருந்த பாறை காணாமல் போயிற்று. அந்தப் பெரியவருக்கு நாங்கள் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை, அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பையை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, இலை சுள்ளி மிதந்து வருவது, மண்வாசனை, அருவியின் சத்தம் கனமாவது. ஓடையின் நடுப்பாறைக்குப் போகாதீர்கள், கரைக்குப் போங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாமல் மேட்டில் காத்திருங்கள். மழைத்தண்ணீர் வேகமாக வந்த மாதிரியே சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

12. அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டுப் போகலாமா?

அமிர்தியில் பூங்காவோடு நின்றுகொள்ளலாம், மரநிழல் இருக்கிறது. ஜலகம்பாறையில் கோயில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே மனசு நிறையும். பீமன் அருவிக்குக் கீழே இறங்க வேண்டும், ஏறி வரவும் வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் கஷ்டம். அவர்களை ஜமுனாமரத்தூரிலேயே கோமுட்டேரிக் கரையில் ஒருவர் துணையோடு உட்கார வைக்கலாம்.

13. எங்க லாட்ஜ்ல சிஎம்சிக்கு வந்த வங்காளத்துக் குடும்பம் தங்கியிருக்கு. ரிசல்ட்டுக்கு மூணு நாள் ஆகுமாம். எங்க அனுப்பலாம்?

பாபுராவ் தெரு லாட்ஜ்காரர் ஒருவர் கேட்டது. நல்ல மனசு. ஊர் விட்டு ஊர் வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடக்கிறவர்களுக்கு அரை நாள் பச்சை மரத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அமிர்திக்கு அனுப்புங்கள், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஆறாத காயம், தையல், ஊசிக்குழாய் இருப்பவர்கள் அருவித் தண்ணீரில் நனையக் கூடாது. நோயாளி போகலாமா என்பதை டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். பூங்காவின் வார விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துச் சொல்லிவிட்டால் அவர்கள் ஏமாற மாட்டார்கள்.

14. பாம்பு, கரடி எல்லாம் இருக்குமே?

இருக்கும், அது அவற்றின் வீடு. கரடி பெரும்பாலும் இருட்டிய பிறகும் விடியலிலும் நடமாடும். 3 மணிக் கணக்கைப் பிடித்தால் அந்தக் கவலை குறையும். பாம்புக்குக் காலடியைப் பார்த்து நடப்பதுதான் காப்பு. பாறை இடுக்கில் கை விடாதீர்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அமிர்தியிலிருந்து வந்தால் கணியம்பாடி தாண்டி வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது என்று ஏறும்போதே கவனித்து வையுங்கள்.

15. பீமன் அருவியோட காவலூர் டெலஸ்கோப்பையும் சேத்துக்கலாமா?

சேர்க்கலாம், ஆலங்காயம் வழியாகப் போனால் வழியில்தான். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். நேரத்தைப் போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள். வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்த 1977 மார்ச் 10 கவனிப்புகளில் காவலூரும் பங்கெடுத்தது. நம் சந்தனக்காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு அவ்வளவு தூரத்தைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் அருவி, இறங்கும்போது காவலூர் என்று வைத்துக்கொண்டால் நேரம் சரியாக வரும்.

16. கைகல் அருவியில எப்பவும் தண்ணி இருக்குமாமே? வாடகைக் கார்ல போகலாமா?

மற்ற மூன்றையும்விட அங்கே தண்ணீர் நீண்ட நாள் நிற்கும், உண்மை. பலமநேர், குப்பம் சாலையில், கௌண்டின்யா சரணாலயத்துக்குள் வருகிறது. மஞ்சள் போர்டு வண்டிக்கு ஆந்திரா பர்மிட் வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முந்தின நாளே டிரைவரிடம் உறுதி செய்யுங்கள், எல்லையில் நின்றுகொண்டு பேசுகிற விஷயமில்லை. சொந்தக் கார் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அது யானைகள் நடமாடும் காடு. சாயங்காலம் அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

17. அவ்ளோ தூரம் போனோம், ஃபாரஸ்ட் கார்டு உள்ள விடலை. ஊர்ப் பையன் ஒருத்தன் 'வேற வழி காட்டறேன், இருநூறு குடுங்க'ன்னான். போயிருக்கலாமா?

போகாமல் வந்தது சரி. வருத்தம் எனக்குப் புரிகிறது. பெட்ரோல் போட்டு, சாதம் கட்டி, பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போயிருப்பீர்கள். ஆனால் அங்கே வழியை மூடுவது பெரும்பாலும் மேலே பெய்த மழைக்காக. 11ஆம் பதிலில் அந்தப் பெரியவர் செய்ததைத்தான் கார்டும் செய்கிறார். குறுக்கு வழியில் போய் ஏதாவது ஆனால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன்.

அமிர்தியில் அருவிக்கு விடவில்லை என்றால் பூங்காவைப் பார்க்கலாம். ஜலகம்பாறை என்றால் ஏலகிரி ஏறிவிட்டு வரலாம். ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரியில் படகு, சீத்தாப்பழக் காலமென்றால் ஒரு கூடை பழம். கட்டிய புளிசாதத்தை ஏதாவது ஒரு புளியமரத்தடியில் பிரியுங்கள். மழை விட்டு மூன்றாம் நாள் மறுபடி கண்டக்டருக்குப் போன் போடுங்கள்.